ஒரே அடியைத் தொடர்ந்து பழக்குவதா, மாற்றி மாற்றிப் பழக்குவதா? பி.டி. பீரியடு பற்றி ஒரு கேள்வி

#1 வெண்ணாற்றுக்கரை

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டுக்கும் வாலிபால் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் செய்கிற முறைதான். முதலில் சர்வீஸ் மட்டும். அது வந்த பிறகு அண்டர்ஹேண்ட் பாஸ் மட்டும், அதாவது தாழ வரும் பந்தை முன்கைகளால் எடுப்பது. அப்புறம் லிஃப்ட், உயர வரும் பந்தைத் தலைக்கு மேலே விரல்களால் தள்ளுவது. பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், முறை வந்ததும் அடிப்பார்கள், பின்னால் போய் நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பாராட்டவும் செய்தார்.

மேட்ச் விட்டால்தான் வேடிக்கை. வரிசையில் நின்று பத்துக்கு எட்டு சர்வீஸ் வலைக்கு மேலே அனுப்பிய பையன், மேட்சில் தன் முறை வந்ததும் வலையிலேயே அடிக்கிறான். பாஸ் எடுக்க வேண்டிய பந்துக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்குகிறான். லிஃப்ட் பழகின வாரத்தில் சர்வீஸ் மறந்துபோகிறது. சர்வீஸுக்குத் திரும்பினால் லிஃப்ட் போய்விடுகிறது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆடும் குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர், "எல்லாவற்றையும் ஒரே பீரியடில் கலந்து விடுங்கள்" என்கிறார். அப்படிக் கலந்தால் எதுவுமே உருப்படியாக வராமல் போகுமோ என்று பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 பூப்பந்துப் பிரியன்

தம்பி, நான் கும்பகோணம். ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர். பக்கத்துப் பள்ளிக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சித்திரமும் கைப்பழக்கம். கை சொன்னபடி கேட்கும் வரை ஒன்றையே செய்ய வைக்க வேண்டும். பூப்பந்தில், அதாவது கம்பளிப் பந்தை வைத்து ஆடும் பால் பேட்மிண்டனில், நான் சேர்த்த பையன்கள் பலர் மாநில அளவில் ஆடியிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் முதல் மாதத்தில் சர்வீஸ் தவிர வேறு எதையும் காட்டியதில்லை.

மேட்சில் சொதப்புவது பயத்தால். பயிற்சியின் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் அதிகமாகப் பழக்குங்கள், சரியாகிவிடும்.

#3 அரிச்சந்திராநதி

வணக்கம். எம்.பி.எட். (உடற்கல்வியில் முதுநிலை) படிக்கிறேன், என் ஆய்வுத் தலைப்பே கிட்டத்தட்ட இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றுக்கரை சார் சொல்வதைப் போன்ற ஒன்றை 1979-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷே, மார்கன் என்ற இருவர். கையில் ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் சின்ன மரத் தடுப்புகளைச் சொன்ன வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள், ஒவ்வொன்றும் 18 முறை, மொத்தம் 54. ஒரு குழு முதல் வரிசையை 18 முறை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து வந்தன. பழகும்போது முதல் குழுதான் வேகம். இங்கேயே நிறுத்தியிருந்தால் பூப்பந்து ஐயா சொன்னதுதான் சரி என்று எழுதி முடித்திருப்பார்கள். பத்து நிமிடம் கழித்தும், பத்து நாள் கழித்தும் மறுபடி சோதித்தார்கள். அப்போது கலந்து பழகிய குழு முந்திவிட்டது. சோதனையையும் கலந்து வைத்தபோது, ஒன்றையே தொடர்ந்து பழகியவர்கள் தடுமாறிப் போனார்கள்.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரு சர்வீஸ் போட்டதும் அடுத்ததும் சர்வீஸ்தான் என்றால், எவ்வளவு விசை, கை எங்கே என்ற கணக்கு மனதில் அப்படியே இருக்கிறது. பிள்ளை அதையே திரும்ப ஓட்டுகிறது. நடுவில் ஒரு பாஸ் வந்துவிட்டால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். சர்வீஸுக்கு வரும்போது முதலிலிருந்து போட்டாக வேண்டும். மேட்சில் கேட்பது இந்த முதலிலிருந்து போடும் வேலையைத்தான். வரிசைப் பயிற்சியில் அந்த வேலை ஒரு பீரியடுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. இரண்டாவது விளக்கம், பக்கத்தில் பக்கத்தில் வரும்போது இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பது பிள்ளைக்குத் தானாகவே தெரிகிறது என்பது.

ஐயா பூப்பந்துக்காரர் என்பதால் இன்னொன்று. 1986-ல் குட், மேகில் இருவரும் பேட்மிண்டன் சர்வீஸில் இதைச் செய்தார்கள். ஷார்ட், லாங், டிரைவ் என்று மூன்று சர்வீஸ். இதுவரை பழகாத 30 பெண்கள். மூன்று வாரம். பிறகு கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து போடச் சொன்னார்கள், அதாவது பழகாத இடத்திலிருந்து. கலந்து பழகியவர்கள்தான் நன்றாகப் போட்டார்கள்.

#4 பூப்பந்துப் பிரியன்

அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் கல்லூரிப் பெண்கள். பதினெட்டு, இருபது வயது. கையும் காலும் ஏற்கெனவே ஒரு கட்டுக்குள் வந்தவர்கள். இவர் கேட்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அதில் பாதிப் பேருக்குப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். கண்ணை மூடுகிறவனுக்கு எதைக் கலந்து கொடுப்பது?

#5 அரிச்சந்திராநதி

சரியான கேள்வி ஐயா. இந்தத் துறையில் சண்டையே அங்கேதான். அதனால் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லாமல் எல்லாவற்றையும் வைக்கிறேன்.

குழந்தைகளை வைத்துச் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1978-ல் கெர், பூத் செய்தது. எட்டு வயதுப் பிள்ளைகள், சின்னத் துணிப்பையைக் குறியில் எறிய வேண்டும். ஒரு குழு மூன்று அடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. மற்றது இரண்டு அடி, நான்கு அடி, இரண்டிலிருந்தும். சில வாரங்கள் கழித்து எல்லோரையும் மூன்று அடியில் நிற்க வைத்தார்கள். மூன்று அடியில் நின்று ஒருமுறைகூட எறியாத குழு, அங்கேயே பழகிய குழுவைவிடத் துல்லியமாக எறிந்தது. 1975-ல் ஷ்மிட் சொன்ன கருத்துக்கு இது ஒத்துப்போகிறது: பிள்ளை ஒவ்வோர் எறியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை, "இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு விசை" என்ற விதியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே தூரத்தில் நின்றால் விதி கிடைக்காது. ஆனால் கவனியுங்கள், இது பயிற்சியில் எத்தனை வகை இருக்கிறது என்பது பற்றியது. எந்த வரிசையில் வருகிறது என்பது வேறு கேள்வி.

வரிசையைப் பற்றி 1984-ல் பிகாட், ஷாபிரோ இருவரும் ஏறக்குறைய ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு எடையுள்ள துணிப்பைகள். ஒரே எடையைத் தொடர்ந்து எறிந்தவர்கள், ஒவ்வோர் எறிக்கும் எடை மாறியவர்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழு: ஒரே எடையில் மூன்று எறி, பிறகு வேறு எடையில் மூன்று. புதிய எடை ஒன்றைக் கொடுத்தபோது நன்றாகச் செய்தது இந்த மூன்று மூன்றாக எறிந்த குழுதான். ஆக, ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரொம்பச் சின்னவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மாற்றினால் தாங்காது, ஒரேயடியாக ஒன்றையே கொடுத்தாலும் ஒட்டாது.

இன்னும் ஒன்று, எனக்கே பாதகமானது. 2004-ல் பிரேடி என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார். முறை மாற்றம் எவ்வளவு வித்தியாசம் தருகிறது என்று காட்டும் எண்ணைத் தாக்க அளவு என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் கலந்து பழகுவதன் தாக்க அளவு 0.57. மைதானம், வகுப்பறை போன்ற நிஜ இடங்களில் 0.19. மூன்றில் ஒரு பங்குதான். 1990-ல் பிரெஞ்ச், ரிங்க், வெர்னர் மூவரும் சாரைப் போலவே பள்ளி மாணவர்களுக்கு வாலிபால் சர்வீஸ், பாஸ், லிஃப்ட் மூன்றையும் வைத்துச் செய்தார்கள். தனித்தனியாகப் பழகியவர்கள், கலந்து பழகியவர்கள், பாதிப் பாதி என்று மூன்று குழு. வித்தியாசமே இல்லை.

#6 கபடி மாமா

நம்ம ஊர் ஒரத்தநாடு பக்கம். படித்தவன் இல்லை, ராத்திரி லைட் போட்டு ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருகிறேன்.

இந்தக் கலக்கிறதெல்லாம் எங்கள் ஆட்டத்தில் தானாகவே நடக்கிறது. பாடி வருகிறவன் இப்போது காலை நீட்டுவானா, கையைப் போடுவானா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்று. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, கைகோத்துப் பிடிக்கிற செயின் எல்லாவற்றையும் புதுப் பையனுக்கு ஒரே ராத்திரியில் கலந்து கொடுத்தால் முழங்கால் போய்விடும். அடிபட்டவன் மறுநாள் வரமாட்டான், அவன் அம்மா வருவார். அதனால் பிடி புதுசு என்றால் மண்ணைக் கொத்திப் போட்டு, மெதுவாக, அதையே திரும்பத் திரும்ப. தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிய பிறகுதான் கலந்து விடுவேன். எறிகிற ஆட்டத்துக்குச் சரியாக இருப்பது பிடிக்கிற ஆட்டத்துக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லாதீர்கள்.

#7 கணக்கு டீச்சர் திருத்துறைப்பூண்டி

நான் கணக்கு டீச்சர். பி.டி. பீரியடைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத இனம். திட்டுவதை அப்புறம் திட்டுங்கள், இதைப் படியுங்கள்.

இதே விஷயம் கணக்கிலும் இருக்கிறது. 2007-ல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவு கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரே வகையைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி. கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் தொடர்ந்து போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. படித்ததும் என் நோட்ஸ் ஆஃப் லெசனைத்தான் நினைத்துக்கொண்டேன். பயிற்சி 5.1 முழுக்க ஒரே மாதிரிக் கணக்கு. தலைப்பைப் பார்த்தே எந்தச் சூத்திரம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வில் தலைப்பு இருக்காது.

வெண்ணாற்றுக்கரை சாரின் பையன் மேட்சில் பாஸுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்குகிறானே, அதுவும் இதுதானோ? அவனுக்குப் பாஸ் எடுக்கத் தெரியும். இந்தப் பந்துக்குப் பாஸ்தான் என்று தேர்ந்தெடுக்கத்தான் ஒருநாளும் பழக்கம் வரவில்லை.

#8 வெண்ணாற்றுக்கரை

டீச்சர், கடனை மன்னித்துவிட்டேன். அந்தக் கடைசி வரி ஒன்று போதும். அதை நான் இப்படி யோசித்ததில்லை.

அரிச்சந்திராநதி மேடம், பிரெஞ்ச் குழு செய்ததில் ஏன் வித்தியாசம் வரவில்லை? எங்கள் நிலைமைக்கு அதுதானே நெருங்கி வருகிறது?

#9 அரிச்சந்திராநதி

காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது சார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மைதானத்தில் "தொடர்ந்து ஒன்றையே" என்பது உண்மையில் நடப்பதே இல்லை. எதிரிலிருந்து வரும் பந்து ஒவ்வொரு முறையும் வேறு உயரம், வேறு வேகம். பாஸ் மட்டும் பழகினாலும் அதற்குள்ளேயே கலப்பு இருக்கிறது. சர்வீஸில் அது கிடையாது. பந்து கையில் இருக்கிறது, நிற்கிற இடம் ஒன்று, தூரம் ஒன்று. ஆகவே மாற்றித் தர வேண்டிய அவசியம் சர்வீஸுக்குத்தான் அதிகம் என்பது என் கட்சி.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை பந்து கிடைத்தது என்பது. இதை நீங்களே உங்கள் வகுப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

#10 வெண்ணாற்றுக்கரை

போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம்.

ஏழாம் வகுப்பில் 44 பேர். நல்ல பந்து மூன்று. பீரியடு 40 நிமிடம். வரிசை கட்டி, வருகை பார்த்து, பந்தறையைத் திறந்து மூடுவதில் பத்து போய்விடும். மிச்சம் 30. ஒரு சர்வீஸ் போட்டு, பந்தை எடுத்துவந்து, அடுத்தவன் கையில் கொடுக்கப் பதினைந்து விநாடி என்று தாராளமாக வைத்தாலும் நிமிடத்துக்கு நான்கு, மூன்று பந்துக்குப் பன்னிரண்டு, அரை மணிக்கு 360. ஆளுக்கு எட்டு. வாரத்துக்கு இரண்டு பீரியடு, அதாவது பதினாறு. அதுவும் வாய்க்காலில் பந்து விழாத நாளில். மேட்டூர் திறந்து இந்தப் பக்கம் தண்ணீர் வந்துவிட்டால் பந்தை எடுக்கப் போகிறவன் குளித்துவிட்டுத்தான் வருகிறான்.

#11 அரிச்சந்திராநதி

குட், மேகில் ஆய்வில் ஒவ்வொரு பெண்ணும் போட்டது 324 சர்வீஸ். உங்கள் கணக்கில் அதற்கு இருபது வாரம் ஆகும். அவர்கள் மூன்றே வாரத்தில் முடித்தார்கள். எட்டுப் பந்தை எந்த வரிசையில் போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாமல் போவதில் என்ன ஆச்சரியம்? முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் சார், வரிசையைப் பிறகு பார்க்கலாம்.

#12 கபடி மாமா

பந்துதான் வேணுமா? எங்கள் ஊர் அங்கன்வாடியில் பழைய சீருடைத் துணியில் கைக்கு அடங்குகிற பை தைத்துப் புளியங்கொட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். எறியப் பிடிக்க அருமையாக இருக்கிறது, உருண்டு ஓடாது. ஓடாததால் எடுக்கிற நேரம் மிச்சம். நெல்லைப் போட்டுத் தைக்காதீர்கள், எலி ஒரே ராத்திரியில் பிரித்துவிடும். மணல் போட்டால் கனம், சின்னப் பிள்ளை மூஞ்சியில் பட்டால் வம்பு.

#13 நாகூர் வாசி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஆசிரியர் இல்லை, அப்பா. பையன் நான்காம் வகுப்பு. கை கால் ஒத்துழைப்பு மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் தாமதம். அவன் பள்ளியில் புதிதாக வந்த ஒருவர் இந்தக் கலப்பு முறையைத்தான் செய்கிறார் போலிருக்கிறது. விசில் அடித்தால் பிடி, இரண்டு விசில் என்றால் உதை, கையைத் தூக்கினால் ஓடு. பையன் வீட்டுக்கு வந்து அழுகிறான். நாளை பி.டி. இருக்கிறது என்றால் வயிற்றுவலி வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஆய்வுகளில் இவனைப் போன்றவர்கள் இருக்கிறார்களா?

#14 அரிச்சந்திராநதி

அண்ணா, உங்கள் கேள்வி இந்த இழையில் வந்தே ஆக வேண்டிய ஒன்று.

2004-ல் குவாடக்னோலி, லீ இருவரும் ஒரு கட்டமைப்பை முன்வைத்தார்கள். பயிற்சியில் கொஞ்சம் சிரமம் இருந்தால்தான் கற்றல் நடக்கும். ஆனால் எவ்வளவு சிரமம் என்பது ஆளைப் பொறுத்தது. ஒரே வேலை, ஒருவனுக்கு ரொம்ப எளிது, இன்னொருவனுக்குத் தாங்க முடியாதது. கலப்பது என்பது சிரமத்தைக் கூட்டுகிற ஒரு வழி, அவ்வளவுதான். ஏற்கெனவே திணறுகிற பிள்ளைக்கு அதற்கு மேல் கூட்டினால் கற்பதற்கு மனதில் இடமே இருக்காது. உங்கள் பையனுக்கு இப்போதைக்கு ஒன்றையே, மெதுவாக, பெரிய பந்தில், பக்கத்தில் நின்று செய்வதுதான் சரி. பிடிக்க வர ஆரம்பித்ததும் தூரத்தை மட்டும் மாற்றலாம். விசில் குழப்பம் பிறகு. போர்ட்டர், மேகில் 2010-ல் பார்த்ததும் இதைத்தான்: ஒன்றையே பழகுவதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பைக் கூட்டினவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது.

அந்த ஆசிரியரிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். நல்லது செய்ய நினைத்துத்தான் செய்கிறார் என்று தோன்றுகிறது.

#15 பூப்பந்துப் பிரியன்

பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வருகிறீர்கள். முதலில் ஒன்றையே பழகு, அப்புறம் மற்றது.

#16 அரிச்சந்திராநதி

பாதி தூரம் வருகிறேன் ஐயா. நீங்கள் ஒரு மாதம் என்கிறீர்கள். நான் அசைவின் உருவம் வந்ததும் போதும் என்கிறேன். பந்து சரியான இடத்தில் விழ வேண்டாம், கை போக வேண்டிய வழியில் போகிறதா, அவ்வளவுதான். பலருக்கு அது ஒன்றிரண்டு பீரியடில் வந்துவிடும். அதற்குப் பிறகும் அதையே செய்ய வைத்தால் பிள்ளை நன்றாகச் செய்வது போலத் தெரியும், நமக்கும் திருப்தி, ஜன்னலில் நிற்கும் தலைமை ஆசிரியருக்கும் திருப்தி. 2001-ல் சைமன், பியார்க் இருவரும் பழகியவர்களையே கேட்டார்கள், நாளைக்கு எப்படிச் செய்வீர்கள் என்று. ஒன்றையே பழகியவர்கள் நன்றாகச் செய்வோம் என்றார்கள். மறுநாள் செய்ததோ மோசம். கலந்து பழகியவர்கள் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லவில்லை, ஆனால் செய்தார்கள். பயிற்சி நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதை நம்பிப் பயிற்சி முறையை முடிவுசெய்யக் கூடாது என்பதுதான் என் ஒரே வாதம்.

#17 வெண்ணாற்றுக்கரை

துணைக்கேள்வி. தலைமை ஆசிரியர் கால அட்டவணையை மாற்றுகிறார். செவ்வாய், வியாழன் என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு பீரியடையும் வெள்ளி மதியம் சேர்த்து எண்பது நிமிடமாகத் தரட்டுமா என்கிறார். எனக்கு ஆசையாக இருக்கிறது. பந்தறை திறக்கிற நேரமாவது ஒருமுறை மிச்சம்.

#18 பூப்பந்துப் பிரியன்

வாங்காதீர்கள் தம்பி. இதில் நானும் அந்த அம்மாவும் ஒரே கட்சியாகத்தான் இருப்போம். நான் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் படித்த காலத்தில், பரீட்சை நெருங்குகிறது, இரண்டு மணி நேரம் உட்காருகிறேன் என்று கேட்டதற்கு இன்ஸ்டிடியூட்காரர் விடவில்லை. தினம் ஒரு மணி, அதற்கு மேல் மெஷின் கிடையாது என்றார். மெஷினை மிச்சம் பிடிக்கிறார் என்று அப்போது திட்டினோம்.

#19 அரிச்சந்திராநதி

ஐயா, இந்த உதாரணத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1978-ல் பேட்லி, லாங்மன் இருவரும் பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்றுக்கொடுத்ததை வைத்து இதையேதான் ஆராய்ந்தார்கள். தினம் ஒரு மணி நேரம் படித்தவர்கள், தினம் நான்கு மணி நேரம் படித்தவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். நாள் கணக்கில் பார்த்தால் நான்கு மணிக்காரர்கள் முன்னால் முடித்தார்கள் என்பது உண்மை. வேடிக்கை என்னவென்றால், ஒரு மணிக்காரர்களுக்குத்தான் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவு. மெதுவாகப் போகிறோம் என்ற எண்ணம்.

செவ்வாய், வியாழனை விடாதீர்கள் சார். ஆனி, ஆடி வெயிலில் வெள்ளி மதியம் எண்பது நிமிடம் என்பது கற்றலுக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது.

#20 வெண்ணாற்றுக்கரை

விடவில்லை. இப்போது செய்வதை எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

தையல் தெரிந்த அம்மா ஒருவர் புளியங்கொட்டைப் பை தைத்துக் கொடுத்தார், இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில். ஆறாம் வகுப்புக்கு முழுக்க அதுதான். வேப்பமரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் மூன்று கோடு போட்டிருக்கிறேன். முதல் கோட்டில் நின்று மூன்று எறி, விசில், அடுத்த கோட்டுக்குப் போய் மூன்று. எல்லோருக்கும் எப்போதும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் சட்டையை இழுக்கிற வேலை இல்லை.

ஏழு, எட்டுக்கு சர்வீஸ் மூன்று இடத்திலிருந்து. கோட்டுக்கு இரண்டு எட்டு உள்ளே, கோட்டில், கோட்டின் மூலையில். சர்வீஸ் போட்டவன் உடனே கோர்ட்டுக்குள் ஓடிவர வேண்டும், எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் எறிகிற பந்தை எடுக்க வேண்டும். அது தாழ வந்தால் பாஸ், உயர வந்தால் லிஃப்ட். எது வரும் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் கூச்சல். "சார், பழைய மாதிரியே வையுங்கள், அதில் நன்றாக வந்தது" என்று எட்டாம் வகுப்புப் பெண்கள் தூது வந்தார்கள். வரிசை அழகும் போய்விட்டது. தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

கண்ணை மூடுகிற ஆறு பேர் இருக்கிறார்கள், ஐயா சொன்னது போலவே. அவர்களுக்குத் தனியாக ஓர் ஓரம், காற்று கொஞ்சம் இறக்கிய பந்து, பாஸ் மட்டும். கண் திறந்ததும் உள்ளே வரலாம்.

#21 கணக்கு டீச்சர் திருத்துறைப்பூண்டி

குறுவட்டம் என்ன ஆயிற்று?

#22 வெண்ணாற்றுக்கரை

இரண்டாவது சுற்றில் தோற்றோம். ஜெயித்த பள்ளியில் ஒரு பையன் நம்மவர்களைவிட ஒரு தலை உயரம். பயிற்சி முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

#23 மட்டுறுத்துநர்

வயது குறைத்து ஆட வைப்பது பற்றி வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே பயிற்சி பற்றி மட்டும்.

#24 அரிச்சந்திராநதி

சார், போட்டி முடிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது சரி. உங்களுக்கு வேறு பரீட்சை ஒன்று வரப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் மைதானம் எப்படியும் குளமாகிவிடும். அந்த இடைவெளியில் யாரும் பந்தைத் தொடப் போவதில்லை. ஷே, மார்கன் வைத்த பத்து நாளைவிட நீளமான இடைவெளி, செலவில்லாமல் கிடைக்கிறது. மழைக்கு முன்னால் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தரை காய்ந்து திரும்பும் முதல் பீரியடில், எதையும் நினைவுபடுத்தாமல், பழகவும் விடாமல், நேராகச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

#25 வெண்ணாற்றுக்கரை

பொங்கல் விடுமுறை முடிந்துதான் எழுத முடிந்தது. நடுவில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர், அப்புறம் சேறு, அப்புறம் அரையாண்டு, அப்புறம் கணக்கு டீச்சர்கள்.

குறித்து வைத்ததை வைத்துப் பார்த்தேன். சர்வீஸ் நன்றாகவே தங்கியிருக்கிறது. மூலையிலிருந்து போடச் சொன்னாலும், ஒரு எட்டு பின்னால் போய்ப் போடச் சொன்னாலும் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பாஸா, லிஃப்டா என்று தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் லிஃப்ட் அசைவு போய்விட்டது. விரலால் தள்ள வேண்டிய பந்தை உள்ளங்கையால் அறைகிறார்கள். போன ஆண்டு ஒன்றையே பழக்கியபோதும் லிஃப்ட் இப்படித்தான் போனது என்பதால், இதில் முறை மாற்றம் உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புத் துணிப்பைக்காரர்கள்தான் ஆச்சரியம். எறிபந்து புதிதாக ஆரம்பித்தேன். தூரத்தைப் பார்த்துக் கையைத் தாங்களே அளந்துகொள்கிறார்கள்.

#26 பூப்பந்துப் பிரியன்

லிஃப்ட் ஏன் போனது என்று நான் சொல்கிறேன். அந்த அம்மா சொன்ன "உருவம்" வருவதற்கு முன்னாலேயே கலந்துவிட்டீர்கள். சர்வீஸ் ஒரு கை வீச்சு, சீக்கிரம் வந்துவிடும். லிஃப்டுக்குப் பத்து விரலும் பேச வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

#27 அரிச்சந்திராநதி

ஐயா சொல்வது சரி என்றுதான் படுகிறது. எல்லாத் திறனுக்கும் ஒரே நாளில் கலப்பை ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. லிஃப்டை மட்டும் பின்தள்ளிவிட்டு மற்ற இரண்டையும் கலக்கலாம். ஆனாலும் மாதக்கணக்கில் தனியாக என்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#28 பூப்பந்துப் பிரியன்

ஒப்புக்கொள்ள வேண்டாம். தம்பி, மாசி பிறந்ததும் பனி குறைந்துவிடும், கம்பளிப் பந்து ஈரம் குடிக்காது. அப்போது எட்டாம் வகுப்புக்குப் பூப்பந்து ஆரம்பியுங்கள். 1856-லேயே தஞ்சாவூர் அரண்மனையில் ஆடினார்கள் என்று சொல்கிற ஆட்டம், நம் பக்கத்துப் பள்ளிகளில் பேட்டைப் பார்க்காமலே பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறார்கள். என்னிடம் பழைய பேட் நாலைந்து இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன். சர்வீஸ் மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன். எங்கே போட வேண்டும் என்று நடுநடுவே மாற்றிக் கத்துகிற வேலையை அந்த அம்மாவையே வந்து செய்யச் சொல்லுங்கள்.

#29 அரிச்சந்திராநதி

வருகிறேன் ஐயா. நோட்டும் கொண்டுவருகிறேன்.

#30 கபடி மாமா

நீடாமங்கலத்தில் எங்கே இறங்க வேண்டும்? நானும் வருகிறேன். புளியங்கொட்டை ஒரு மூட்டை இருக்கிறது.